ஆயில் கேட்டு யாராவது வர வேண்டும்

என் மகன் கார் வாங்கியிருக்கிறான். அதற்கு எப்போது என்ஜின் ஆயில் மாற்ற வேண்டும் என்று அவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கார் விற்ற இடத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை போனில் கூப்பிட்டு, "சார், உங்க வண்டிக்கு ஆயில் மாத்துற நேரம் வந்துருச்சு" என்று ஞாபகப்படுத்துகிறது. "அதுக்குள்ளயா?" என்று இவன் முகத்தைச் சுளிக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இந்த ஆயில் கணக்குக்கு எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் வேறொரு பதில் வைத்திருந்தார்.

"காருக்கு எப்பண்ணே ஆயில் மாத்தணும்?" என்று யாராவது கேட்டால், "பழைய ஆயிலு கேட்டு யாராச்சும் வந்தா மாத்தணும்" என்பார்.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அப்படித்தான் மாற்றினார்.

சுருளிப்பட்டியில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஊருக்கு அவர் கார்க்காரர். எனக்கு அண்ணன் முறை, அதனால் அண்ணன். அவர் வீட்டம்மா எனக்கு மதினி. நான் திராட்சைத் தோட்டத்துக்காரன். பந்தல் போடத் தெரியும், மருந்தடிக்கத் தெரியும், கவாத்து வெட்டத் தெரியும். கார் சமாச்சாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் சமாச்சாரம் தெரியும்.

கார் என்றால் வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி ஓட்டிச் சலித்து விற்றதை இவர் வாங்கி வந்தார். அதற்கு முன்னால் லாரி ஓட்டினார். கேரளாவுக்குத் தக்காளியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறிப் போய்வந்த பழக்கத்தில் கொஞ்சம் மலையாளமும் ஒட்டிக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும் "ஆயிக்கோட்டே" என்பார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தமாம். மதினிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"அத்தன வருசம் அங்கன போயிட்டு வந்தீகளே, இல்லன்னு சொல்றதுக்கு மலையாளத்துல ஒரு வார்த்த படிச்சிட்டு வரக்கூடாதா?" என்பார்.

வேஸ்ட் ஆயில் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார் ஓட ஓட என்ஜினுக்குள் இருக்கிற ஆயில் கருத்துப்போகும். அதை அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி இறக்கிவிட்டு, மேலே புது ஆயில் ஊற்ற வேண்டும். இறக்கிய ஆயில்தான் வேஸ்ட் ஆயில். பேர்தான் வேஸ்ட்டே தவிர, எங்கள் பக்கம் அதற்கு இருந்த கிராக்கி நல்லெண்ணெய்க்குக்கூட இருந்ததில்லை. கதவு நிலையில் கரையான் ஏறினால் அதைத்தான் பூசுவார்கள். கொத்தனார் கான்கிரீட் போடுகிற தகரத்தில் தடவுவார். மாட்டு வண்டி அச்சுக்கு, கிணற்று உருளைக்கு, துருப்பிடித்த பூட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் பந்தல் கம்பிக்குக்கூடச் சில பேர் தடவுவார்கள். அது வீண் வேலை, வெயிலில் காய்ந்துவிடும். ஆனாலும் தடவுவார்கள்.

அண்ணனுக்கு அந்தப் பேர் பிடிக்காது. "வேஸ்ட்டுன்னு சொல்லாதப்பா. அது ஓடிக் களைச்ச ஆயிலு" என்பார்.

ஒரு நாள் காலையில் மேலத்தெருக்காரர் ஒருத்தர் செம்போடு வந்து நின்றார்.

"அண்ணே, நெலக்கதவுல கரையான் ஏறிருச்சு. பழைய ஆயிலு கொஞ்சம் கெடைக்குமா?"

"இருக்கே. செத்த உக்காரு."

இருக்கே என்றாரே, அது காருக்குள் இருந்தது. காரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். சூடானால்தான் ஆயில் கசடோடு இறங்குமாம். பிறகு சாக்கை விரித்துக் கீழே படுத்து போல்ட்டைக் கழற்றினார். மதினி வாசலுக்கு வந்துவிட்டார்.

"இப்பத்தான ஊத்துனீக? அந்த ஆயிலு இன்னும் கம்பத்தக்கூடப் பாக்கலையே."

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கரையான் காத்துக்கிட்டு இருக்குமா?"

"அப்ப புது ஆயில அப்படியே குடுத்து விட்ருங்க. கரையானாச்சும் நல்லாருக்கட்டும்."

செம்போடு வந்தவர் எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தார். அண்ணன் வெளியே வந்து செம்பை நிறைத்துக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டியதைத் தலைமுடியில் தடவிக்கொண்டார். அவர் வழக்கம் அது. துணி கேட்கமாட்டார். நரை தெரியாமல் இருக்கும் என்று ஒரு நியாயமும் வைத்திருந்தார். அவர் வீட்டுத் தலையணை உறைகள் எல்லாம் கரி பிடித்துக் கிடக்கும். மதினி அவற்றைக் கொடியில் காயப்போடும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி உதறுவார்.

கம்பத்து மெக்கானிக்குக்கும் அவருக்கும் இதில் ஓயாத தகராறு. நானே ஒரு தடவை உடன் இருந்தேன்.

"அண்ணே, எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னு பாத்து மாத்துங்கண்ணே. சும்மாச் சும்மா மாத்துறீக, பெறகு மாத்த வேண்டிய நேரத்துல மாத்தாம விட்றீக. சவரிமல சீசன்ல மலையேறி மலையேறி எறங்குது வண்டி. அப்ப சீக்கிரம் மாத்தணும். சும்மா நிக்கிற மாசத்துல எதுக்கு மாத்துறீக?"

"மீட்டர் ஓடலப்பா."

"சரி பண்ணித் தாரேன்."

"அது ஒண்ணும் வந்து என்னக் கேக்கலையே."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

ஆயில் மட்டும் என்றில்லை. ஸ்டெப்னி டயரைக்கூட ஒருத்தர் அவசரம் என்று கேட்டார், தூக்கிக் கொடுத்துவிட்டார். அதே வாரம் மாலை போட்ட சாமிகளை ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் போகும்போது டயர் வெடித்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே தேங்காய் மூட்டைதான் இருந்தது. சாமிகள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சரணம் போட ஆரம்பித்தார்கள். முதலில் பக்தியாகத்தான் போட்டார்கள். போகப்போக அதில் கோபம் ஏறியது. பின்னால் வந்த லாரிகளில் ஒன்றை நிறுத்தி உதவி கேட்டிருக்கலாம். பாதி லாரிக்காரர்கள் இவருக்குப் பழக்கம். இவர் கேட்கவில்லை. காரோரமாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஒரு லாரிக்காரர் தானாக அடையாளம் கண்டு நிறுத்தினார்.

இங்கேதான் அந்த மனிதரின் சங்கதி இருந்தது. யார் கேட்டாலும் கொடுப்பார். தனக்கென்று யாரிடமும் கேட்கமாட்டார்.

தேனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நானும் அவரும் சாப்பிட்டோம். அவருக்கு ரசம் உயிர். பரிமாறுகிறவர் மறந்து மோருக்குப் போய்விட்டார். அண்ணன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கிறார். "ஏண்ணே, ரசம் கேளுங்களேன்" என்றேன். "அவுக வேலையா இருக்காகப்பா" என்றார். நான்தான் கூப்பிட்டு ஊற்றச் சொன்னேன். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது வழி கேட்காமல் ஒரே கோயில் தேரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பின்சீட்டில் இருந்த பெரிய மனுசி ஒருத்தி, "ஏப்பா, நாம கல்யாணத்துக்குப் போறோமா, பிரதட்சணம் பண்றமா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன். "ஏண்ணே, இப்படி வந்தவனுக்கெல்லாம் தூக்கிக் குடுக்குறீகளே, ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"குடுக்குறதுல என்னப்பா கஷ்டம்? செம்பத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறான் பாரு, அவனுக்குத்தான் கஷ்டம். அவன ரெண்டு தடவ கேக்க விடலாமா?"

ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், மணி கிறீச்சிடுகிறது என்று மணியடிக்கிற கோயில்பிள்ளை வந்து கேட்டபோதும் காரிலிருந்துதான் இறக்கிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த வழியாகச் சவாரி போனால் காரை நிறுத்தி, "கேளு, நம்ம ஆயிலு பேசுது" என்பார். எனக்கு மணி அடிக்கிற சத்தம்தான் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த அனுமந்தன்பட்டி மாட்டுக்காரர் வந்தாரே, அங்கேதான் வினை பிடித்தது. அவர் பந்தய மாடு வளர்க்கிறவர். எங்கள் பக்கம் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வண்டி அச்சுக்கு அண்ணனிடம் ஆயில் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பந்தயத்தில் அவர் வண்டிதான் முதலில் வந்தது. மாலையும் மஞ்சளுமாகத் திரும்பி வந்தவர், "எல்லாம் அம்பாசிடர் ஆயிலு ராசி" என்று ஒரு வார்த்தையைக் கிளப்பிவிட்டார்.

"மாடு ஓடுச்சா, ஆயிலு ஓடுச்சா? போப்பா அங்கிட்டு" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? பந்தய சீசன் வந்தால் அவர் வாசலில் தூக்குவாளியும் செம்புமாக ஆள் நிற்கும். கடையில் மசகு வாங்கிப் போட்டால் வண்டி ஓடாதா? ஓடும். ஆனால் ராசி வேண்டுமே.

இது ஒரு பக்கம். மறு பக்கம் பாருங்கள். ஆவணி, புரட்டாசி மாதிரி மாதங்களில் யாருமே வரமாட்டார்கள். பந்தயமும் இருக்காது, வீடு கட்டுகிற வேலையும் குறைவு. கேட்டு ஆள் வராவிட்டால் அண்ணன் ஆயில் மாற்றமாட்டார். கார் ஓடும், ஆயில் கருக்கும், குழம்பாகிவிடும். என்ஜின் சத்தமே மாறிவிடும். சளி பிடித்த ஆள் பேசுகிற மாதிரி கரகரவென்று வரும். மதினி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் காரில்தான் அவர்கள் அடுப்பு எரிந்தது.

அப்படி ஒரு மாதத்தில் மதினி எங்கள் மாட்டுத் தொழுவத்துப் பக்கமாக வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க போயி ஒங்க அண்ணங்கிட்ட ஒரு செம்பு பழைய ஆயிலு கேளுங்க."

"எனக்கு எதுக்கு மதினி?"

"ஒங்களுக்கு எதுக்கு? காருக்கு. நான் தலகீழா நின்னு சொன்னாலும் அந்த மனுசன் காதுல ஏறாது. ஆள் வந்து கேட்டாத்தான் மாத்துவாக. தோட்டத்துக்குன்னு சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீக."

போய்க் கேட்டேன். "ஆயிக்கோட்டே" என்றார். சாக்கை எடுத்து விரித்தார். புது ஆயில் ஊற்றியதும் கார் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலுக்கு வந்தது.

அதிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. மதினி தொழுவத்துப் பக்கம் வருவார், நான் செம்பை எடுப்பேன். ஒரு தடவை பந்தல் கம்பி துருப்பிடிக்கிறது என்றேன். ஒரு தடவை மோட்டார் ரூம் கதவு என்றேன். ஒரு தடவை ஒன்றும் தோன்றாமல், மாட்டுக் கொம்புக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கொடுத்தார். எனக்கு அந்த ஆயில் எதற்கும் வேண்டியதில்லை. பாட்டிலில் ஊற்றித் தொழுவத்து மூலையில் வரிசையாக வைத்திருந்தேன். கொட்டவும் மனசு வரவில்லை. அவர் படுத்து இறக்கிக் கொடுத்தது இல்லையா?

இப்போது அந்தக் கரிநாளைச் சொல்கிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் எங்களுக்குக் கரிநாள். கறி எடுத்துத் தின்பார்கள், பந்தயம் பார்ப்பார்கள். நல்ல காரியத்துக்கு வெளியே கிளம்பமாட்டார்கள். கடை கண்ணி திறக்காது. மாட்டுப் பொங்கலன்று அண்ணன் மாட்டோடு சேர்த்துக் காருக்கும் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் பந்தயத்துக்குப் போகிற வண்டிக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அனுமந்தன்பட்டிக்காரர்தான் முன்னால் நின்றார். அண்ணன் அத்தனை ஆயிலையும் இறக்கி ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்பினார். புது ஆயில் வீட்டில் இல்லை.

மதினி, "கடையெல்லாம் அடச்சுக் கெடக்கே, இப்ப வண்டிக்கு எத ஊத்துவீக?" என்று கேட்டிருக்கிறார்.

"கரிநாள்ல எவன் கார் எடுத்துக்கிட்டு வெளியூர் போவான்? மாட்டுக்கு நேத்து லீவு, காருக்கு இன்னிக்கு லீவு" என்றிருக்கிறார் அண்ணன். ஆயில் இல்லாமல் யாரும் காரைக் கிளப்பிவிடக்கூடாது என்று, கழற்றிய போல்ட்டை ஒரு நூலில் கட்டி ஸ்டியரிங்கில் மாலையோடு தொங்கவிட்டார். அந்த எச்சரிக்கையெல்லாம் அவரிடம் உண்டு.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாசியில்தான் நாள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கரிநாள் மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். என் வீட்டுக்காரி அவள் காலைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கொடம் ஒடஞ்சுருச்சு, ஓடுங்க, அண்ணனக் கூப்புடுங்க" என்று கத்தினாள். அப்போது நூற்றெட்டு வண்டியெல்லாம் வரவில்லை. எங்களுக்கு நூற்றெட்டும் அண்ணன்தான்.

ஓடினேன். அண்ணன் கார் பக்கத்தில் நின்று உதிர்ந்த மாலைப் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் ஸ்டியரிங்குக்குப் போனது. நானும் பார்த்தேன். போல்ட் ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, வண்டி வெறும் வயிறா நிக்குதுப்பா" என்றார். அவர் முகம் அப்படி ஆனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் தெருமுனையில் நின்றன. டிரைவர்கள் சாவியோடு பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். ஒருத்தன் மட்டும் ஊரில் இருந்தான். அவன் இருந்த இருப்புக்கு அவனைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும். பஸ் சாயங்காலம்தான். வீட்டுக்குள் மகள் அலறுகிற சத்தம் சுவர் தாண்டி வந்தது.

மதினி வெளியே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் கேக்கச் சொல்லி நீங்க வாங்கிட்டுப் போனீகளே, அந்த ஆயிலெல்லாம் எங்க?"

"தொழுவத்துல இருக்கு மதினி."

"நிக்கிறீகளே, எடுத்துட்டு வாங்க!"

அண்ணன் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து போல்ட்டை அவிழ்த்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டார்.

என் பாட்டில்களில் இருந்தது பத்தாது. "இன்னும் வேணும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "தெருவுல போயிக் கேளுங்கண்ணே, ஒங்ககிட்ட வாங்காத வீடு எது?" என்றேன். அவர் வெளியே வந்து வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். கால் நகரவில்லை. என் மகள் கத்துகிறாள், அவருக்கு என் மகள் என்றால் அத்தனை பிரியம், ஆனாலும் அடுத்தவர் வாசலில் போய்க் "கொடு" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மதினி முந்தானையை இழுத்துச் செருகினார். அவரைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"ஏலே, யார் வீட்டுலடா எங்க காரு ஆயிலு இருக்கு? கரையானுக்கு வாங்குனவுக, கொத்தனாரு, எல்லாரும் கொண்டாங்க! பிள்ளத்தாச்சி துடிக்கிறா! ஆத்தா, அந்தப் பரண் மேல பாரு, இருக்கும்!"

கறிச்சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஜனம் ஓடி வந்தது. தகர டப்பா, மருந்து பாட்டில், தேங்காய் எண்ணெய் பாட்டில், ஒரு வீட்டிலிருந்து கொட்டாங்கச்சியில்கூட வந்தது. மேலத்தெருக்காரர் கரையானுக்கு வாங்கிய செம்பையே தூக்கிக்கொண்டு வந்தார். "பாதி கதவு குடிச்சிருச்சுண்ணே, மீதி இந்தா" என்றார்.

அண்ணன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது, தள்ளி வைத்தார். ஒன்றில் வேப்பெண்ணெய் கலந்திருந்தது. மற்றதை எல்லாம் வடிகட்ட வேண்டும். பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி இடுப்பில் இருந்தது. அவிழ்த்து நான்காக மடித்து வாளியில் கட்டினார். கால்சட்டையோடு நின்றுகொண்டு ஊற்றினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேட்டியில் மண்ணும் வைக்கோலும் எறும்பும் தங்கின. ஆயில் மட்டும் கருப்பாக இறங்கியது. அதை என்ஜினில் ஊற்றி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். குச்சியின் அடிக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நனைந்திருந்தது.

"போதும். ஏத்துங்க" என்றார்.

கார் கிளம்பியது. ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிற முள் முதலில் அசையவே இல்லை. பிறகு மெதுவாக எழுந்தது. அண்ணன் அந்த முள்ளைப் பார்த்துக் கும்பிட்டார். பின்சீட்டில் மகளும் என் வீட்டுக்காரியும் மதினியும். நான் முன்னால். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்த ரோட்டில் அவ்வளவு பதமாக யாரும் கார் ஓட்டிப் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். "போயிருவோம்டா, போயிருவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் மகளிடம் சொன்னாரா, காரிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

கம்பம் ஆஸ்பத்திரியில் இறக்கிய கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம் என்று மதினி வந்து சொன்னார். நான் வெளியே ஓடி வந்தேன். அண்ணன் கார் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் யாரோ கொடுத்த துண்டு. விஷயத்தைச் சொன்னேன். சந்தோசமாகத் தலையை ஆட்டினார்.

"தம்பி."

"என்னண்ணே?"

"பந்தல் கம்பி துருப்புடிக்குதுன்னு சொன்னியே."

"ஆமாண்ணே."

"மோட்டார் ரூம் கதவுன்னு சொன்னியே."

"ஆமா."

"மாட்டுக் கொம்புன்னியேப்பா. அது அப்பவே எனக்கு இடிச்சுச்சு."

"மதினிதாண்ணே சொன்னாக. வண்டி கெட்டுப்போயிரும்னு."

அவர் காரின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப இத்தன நாளும் அவதான் ஆயில் மாத்திருக்கா" என்றார். அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, என்னால் பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊர் கூடிப் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. கார்க்காரரிடம் இனி யாரும் ஆயில் கேட்கக்கூடாது. ஒரு அவசரத்துக்கு இருக்கிற ஒரே கார், அதை வெறும் வயிற்றோடு நிற்க வைக்கலாமா? கரையான் ஏறினவர்கள் கம்பத்து ஒர்க்ஷாப்புக்குப் போனார்கள். கொத்தனாரும் போனார். அனுமந்தன்பட்டிக்காரர்கூட, "ராசி கெடக்கட்டும்ணே, ஊருக்குக் கார் வேணும்" என்று கடை மசகுக்கு மாறிவிட்டார். எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள்.

அண்ணன் வாசலில் செம்பு வரவில்லை. அண்ணன் ஆயில் மாற்றவில்லை. மதினியும் தொழுவத்துப் பக்கம் வரவில்லை. வந்துதான் என்ன செய்வது? சாயம் வெளுத்துவிட்டதே. நானும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தோட்டத்திலேயே கிடந்தேன். திராட்சை வெட்டு முடிந்து வெயில் ஏறியது. கார் எங்கள் வீட்டைத் தாண்டும்போது அந்தக் கரகரப்பு வந்துவிட்டது. நாளாக ஆகக் கூடியது. மதினி வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். என்னைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் பேத்தியைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். அவர் எங்கள் வீட்டுக்குள் வருவார், போவார். வாசலில் நின்றது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைமுடியைத் தடவினார். தலை பூராவும் நரைத்திருந்தது.

"மழ வரும்போலருக்கு" என்றார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "ஆமாண்ணே" என்றேன்.

"பிள்ள நல்லாருக்கா?"

"இந்தா கெடக்கா. உள்ள வாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்." காலை மாற்றி வைத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "ஏம்ப்பா… ஒனக்கு ஆயிலு கீயிலு ஒண்ணும் தேவப்படலையா?"

"எனக்கு எதுக்குண்ணே? அதான் அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சா என்னப்பா?" அவர் குரல் கீழே இறங்கியது. "வந்து கேக்குறவுக கேக்கணும்ல."

பேத்தியைத் தூக்கி வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன். செம்பு கொடுக்காப்புளி மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

அவர் வாசலில் சாக்கு ஏற்கெனவே விரித்துக் கிடந்தது. மதினி புது ஆயில் டப்பாவை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க தம்பி" என்றார். "என்ன, கேக்க வந்தீகளாக்கும்?"